ஒரே வயிறு, இரண்டு பேச்சு: பள்ளி மாணவியின் கர்ப்பத்தை ஊர் பார்க்கும் விதம்

திருநெல்வேலிப் பக்கம் கர்ப்பத்தைச் சொல்ல நல்ல சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘முழுகாம இருக்கா’, ‘மாசமா இருக்கா’, ‘வாயும் வயிறுமா இருக்கா’. ஆச்சிகள் இதைச் சொல்லும்போதே குரல் கனிந்துவிடும். 17 வயதில் தாலியோடு இருக்கும் பெண்ணுக்கும் இந்தச் சொற்கள்தான். அதே 17 வயதில், தாலி இல்லாமல், பள்ளிச் சீருடையில் இருக்கும் பெண் என்றால் பேச்சு மாறிவிடும். ‘கெட்டுப் போயிட்டா’, ‘வயித்துல வாங்கிட்டு வந்துட்டா’. வயது ஒன்று, உடம்பு ஒன்று, ரத்தசோகையும் பிரசவ ஆபத்தும் ஒன்று. தாலி மட்டும்தான் வேறு.

ஊருக்கு உண்மையிலேயே அந்தப் பெண்ணின் வயதும் உடம்பும் கவலை என்றால் இரண்டு பேருக்காகவும் ஒரே மாதிரி பதற வேண்டும். ஒருத்திக்கு வளைகாப்பு, இன்னொருத்திக்குக் கதவடைப்பு என்றால் அங்கே வேலை செய்வது வேறு ஏதோ ஒன்று. அதற்குச் சமூகவியலில் ‘களங்கம்’ என்று பெயர். வாய்க்கு வந்தபடி பேசப்படும் இந்த விஷயத்தில் களங்கம் எப்படி உருவாகிறது, அது ஒரு பெண்ணின் உடம்புக்குள்ளும் பள்ளிக்கூடப் பதிவேட்டுக்குள்ளும் எப்படி நுழைகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் கணக்கு

‘டீனேஜ் கர்ப்பம்’ என்றதும் பலருக்கு மனதில் வருவது செல்போனும் பள்ளிக்கூடக் காதலும்தான். எண்கள் வேறு கதை சொல்கின்றன. 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் 6.8 சதவீதம் பேர் அப்போதே தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் திருமணமானவர்கள். அதே கணக்கெடுப்பில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் இந்திய அளவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8 சதவீதம்.

அதாவது சிறுவயதுக் கர்ப்பத்தின் பெரும்பகுதி ஊர் கூடிப் பந்தல் போட்டுச் செய்து வைத்தது. அதைப் பற்றிப் பேச்சே எழாது. வாரக்கணக்கில் பேசப்படுவது மீதி இருக்கும் சிறு பகுதிதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 19 வயதுக் கல்லூரி மாணவியும் இந்தக் கணக்கில் வருவாள், 15 வயதுப் பத்தாம் வகுப்பு மாணவியும் வருவாள். சட்டத்துக்கு இருவரும் ஒன்றல்ல. 18 வயது நிறையாத எவரும் சட்டப்படி குழந்தை. இந்தக் கட்டுரை பேசுவது உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் அந்தக் குழந்தைகளைப் பற்றி.

வாழைக்கறையும் கிழிசலும்

களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் வெட்டுகிறவர்கள் வெள்ளை வேட்டியோடு தோப்புக்குள் போக மாட்டார்கள். வாழைக்கறை பட்டால் போகாது, எத்தனை முறை துவைத்தாலும் பழுப்பாக நிற்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறை பட்ட வேட்டி கிழிந்த வேட்டி அல்ல. நூல் அதே நூல், உறுதி அதே உறுதி. இன்னும் ஐந்து வருஷம் உடுத்தலாம். ஆனாலும் அதைக் கல்யாண வீட்டுக்கு யாரும் கட்டிக்கொண்டு போவதில்லை. காரணம் வேட்டியில் இல்லை, பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது.

களங்கம் இப்படிப்பட்டதுதான். ஒருவரின் திறமை, குணம், உழைப்பு எல்லாம் அப்படியே இருக்க, ஒரே ஒரு அடையாளத்தை வைத்து அவரை முழு மனிதராக எண்ண மறுப்பது. வகுப்பில் கணக்குப் பாடத்தில் முதல் மதிப்பெண் எடுத்த பெண் என்பது அன்றோடு மறந்துபோகும். ‘அந்தப் பிள்ளை’ என்ற இரண்டு சொல் மட்டும் நிற்கும்.

இதைத் தீட்டோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். சாவு வீட்டுத் தீட்டுக்கு 16 நாள், பிள்ளை பெற்ற வீட்டுக்கு இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. கல்லெடுப்பு, தலைமுழுக்கு என்று முடித்துவைக்கச் சடங்கும் உண்டு. முடிந்த மறுநாள் எல்லோரும் அந்த வீட்டில் காபி குடிக்கலாம். தீட்டை நியாயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தீட்டுக்குக்கூட ஒரு கடைசி நாள் இருக்கிறது, களங்கத்துக்கு அது இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

கறை ஏறும் வரிசை

2001இல் புரூஸ் லிங்க், ஜோ ஃபீலன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இருவர் களங்கத்தைப் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் சொன்ன வரிசையை நம் தெருவில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பெயர் வைப்பார்கள். மனிதருக்குள் இருக்கும் ஆயிரம் வேறுபாட்டில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து அதையே அவருக்குப் பெயராக்குவது. அடுத்து, அந்தப் பெயரோடு கெட்ட குணங்களை முடிச்சுப் போடுவார்கள். ‘கர்ப்பமானவள்’ என்பதிலிருந்து ‘அடங்காதவள்’, அதிலிருந்து ‘வளர்ப்பு சரியில்லை’. மூன்றாவது, பிரிப்பது. ‘அவ கூடச் சேராத மக்கா’ என்று தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். நான்காவது, இறக்குவதும் மறுப்பதும். ‘டிசி வாங்கிட்டுப் போயிருங்க’ என்று பள்ளி சொல்லும், சடங்கு வீட்டு அழைப்பிதழ் வராது, தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

இந்த நான்கோடு ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தால்தான் களங்கம் முழுமையாகும் என்றார்கள் அந்த ஆய்வாளர்கள். அது அதிகாரம். மாணவிகள் சேர்ந்து தலைமையாசிரியருக்கு எத்தனை பட்டப்பெயர் வைத்தாலும் அவருக்கு வேலை போகாது. தலைமையாசிரியர் ஒரு மாணவிக்கு ஒரே ஒரு பெயர் வைத்தால் அவள் படிப்பு போய்விடும். களங்கம் எப்போதும் மேலிருந்து கீழே மட்டும் ஒழுகும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: களங்கம் என்பது கெட்ட பேச்சு மட்டுமல்ல. பெயர் வைத்து, குணம் கட்டி, பிரித்து, வாய்ப்பை மறுக்கும் ஒரு வரிசை. கையில் அதிகாரம் இருப்பவர்கள் செய்யும்போது அது ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பிவிடும்.

முள்ளுக்கு ஏன் நட்டமில்லை?

‘முள்ளு மேல சேலை பட்டாலும் சேலை மேல முள்ளு பட்டாலும் நட்டம் சேலைக்குத்தான்’ என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எச்சரிக்கை என்ற நினைப்பில் சொல்வது. ஆனால் இந்தப் பழமொழி முள்ளை இயற்கையின் ஒரு பகுதியாக ஆக்கிவிடுகிறது. முள் குத்தத்தான் செய்யும், அதைக் கேட்க முடியுமா? சேலைதான் பார்த்துப் போக வேண்டும். இன்னொரு சொல்லும் உண்டு: ஆம்பளை சேறு கண்ட இடத்தில் மிதிப்பான், தண்ணி கண்ட இடத்தில் கழுவுவான். இப்படி ஒரு பொறுப்பு இரண்டு வாக்கியத்தில் காணாமல் போகும்.

விளைவு என்னவென்றால், விஷயம் வெளியே வந்ததும் ஊர் கேட்கும் முதல் கேள்வி ‘யார் கூட?’ என்பதுதான். அந்தக் கேள்விக்குள்ளேயே, இது அவளாகத் தேடிக்கொண்டது என்ற தீர்ப்பு இருக்கிறது. சித்தப்பா முறையோ, மாமா முறையோ, வீட்டுக்கு வந்துபோகும் பெரிய மனிதரோ, பாடம் சொல்லிக்கொடுத்தவரோ மிரட்டியிருக்கலாம் என்ற எண்ணம் கடைசியில்தான் வரும். பல நேரம் வருவதே இல்லை. அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் பிள்ளை வாய் திறக்காததற்கு இது ஒரு பெரிய காரணம்: சொன்னாலும் பெயர் கெடுவது தனக்குத்தான் என்று அவளுக்கு முன்பே சொல்லிக்கொடுத்தாயிற்று.

பையன் சம வயதுக்காரன், அவளுக்கும் பிடித்திருந்தது என்றால் அடுத்த கேள்வி ‘எந்தத் தெரு?’. இதை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை. சாதி என்னவென்று தெரிந்த பிறகுதான் பல குடும்பங்களில் முடிவு எடுக்கப்படுகிறது. ஒரே சாதி என்றால் அவசரக் கல்யாணம். வேறு சாதி என்றால் பேச்சு வன்முறைப் பக்கம் திரும்பும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள், அதையொட்டி நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. அது வேறு விஷயம்தான், இருந்தாலும் நம் பள்ளிக்கூடங்களுக்குள் சாதி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு அது போதும். அதே பள்ளிக்கூடத்தில்தான் இந்தப் பெண்ணும் படிக்கிறாள்.

கறை பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒட்டும். 1963இல் களங்கத்தைப் பற்றி விரிவாக எழுதிய எர்விங் காஃப்மன் இதையும் கவனித்திருந்தார். தமிழில் ஒட்டுக்களங்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ‘அக்கா இப்படின்னா தங்கச்சி எப்படி இருப்பா?’ என்பது அதன் ஒரு வரி விளக்கம். அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு அந்த வீட்டில் வரி வாங்காமல் விடுவது அதன் கடைசி எல்லை. வெளியூர்க்காரர்களுக்கு வரி வாங்காதது சலுகை மாதிரித் தோன்றும். இங்கே ‘வரி இல்லை’ என்றால் ‘நீ ஊரில் இல்லை’ என்று அர்த்தம். ஒரு தகப்பன் மகளை அடிப்பதற்கும் ஒளிப்பதற்கும் பின்னால் பல நேரம் இருப்பது கோபத்தைவிட இந்தப் பயம்தான். அதனால் அடிப்பது சரியாகிவிடாது.

பேச்சு உடம்புக்குள் போகும் வழி

களங்கத்தின் உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது. ‘பேசுறவங்க பேசட்டும், பேச்சு என்ன செய்யும்?’ என்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும்.

களங்கத்துக்குப் பயந்தவர் செய்யும் முதல் காரியம் மறைப்பது. மறைத்தால் நாள் போகும். கர்ப்பத்தில் எல்லாமே நாள் கணக்கு.

மருத்துவர்கள் கர்ப்பத்தை எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. ஆகவே நாள் தள்ளிப்போன அன்றே நான்கு வாரம் ஆகிவிட்டது. இரண்டாவது மாதமும் வரவில்லை என்று கவலைப்படும்போது எட்டு வாரம். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருவது சாதாரணம், அதனால் அந்தப் பிள்ளைக்கே சந்தேகம் வராமல் போகலாம். முதல் கர்ப்பத்தில் வயிறு வெளியே தெரியவும் நாள் ஆகும். சீருடைக்கு மேல் போடும் கோட்டு இன்னும் கொஞ்ச நாள் மறைக்கும். அம்மா கவனிக்கும்போது 18, 20 வாரம் ஆகியிருப்பது அதிசயமில்லை.

1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. அதன்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு வழி உண்டு. 18 நிறையாதவர் என்றால் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். பாதுகாவலர் என்றால் தகப்பன்தான் என்பதில்லை, அவளைப் பராமரித்துவரும் நபர் என்றே சட்டம் சொல்கிறது. அம்மாவாகவும் இருக்கலாம், ஆச்சியாகவும் இருக்கலாம். 24 வாரம் தாண்டினால் கருவில் பெரிய குறைபாடு இருந்து மருத்துவக் குழு சொல்ல வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் போக வேண்டும். ஒரு குடும்பம் ‘வெளிய தெரிஞ்சிரக் கூடாதே’ என்று யோசித்துக் கழித்த ஐந்து வாரம் இந்தக் கதவுகளில் ஒன்றைச் சாத்திவிடும்.

குழந்தை வேண்டாம் என்று வீடு முடிவு செய்தால் மட்டும் போதாது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைப்பது தனிக் குற்றம்.

மறைக்க நினைப்பவர்கள் அடுத்துச் செய்வது, தெரிந்தவர் மூலம் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவது. இதில் தவறு எங்கே வருகிறது? எத்தனை வாரம் என்று ஸ்கேன் பார்க்காமல் கொடுக்கிறார்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டும். கர்ப்பப்பையில் இருந்தாலும் பாதி கலைந்து பாதி தங்கலாம். ரத்தப்போக்கு நிற்காது, சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும். இந்த நிலையில் கூட்டிவந்தால்கூட ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்ல வீட்டார் தயங்குவார்கள். ‘விலக்கு அதிகமாப் போகுது’ என்று மட்டும் சொன்னால் மருத்துவர் வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார்.

கர்ப்பம் தொடர்வதென்றால் வேறு கணக்கு. வளரிளம் பெண்ணின் உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இரும்புச்சத்துக்குத் தாயும் சேயும் போட்டி போடுவார்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. சிறுவயதுத் தாய்மார்களுக்குக் கர்ப்பகால வலிப்பு நோய், பிரசவத்துக்குப் பின் கிருமித் தொற்று, எடை குறைந்த குழந்தை ஆகியவை 20 வயது தாண்டியவர்களைவிட அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவற்றில் பெரும்பகுதியை ரத்த அழுத்தம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மாதாமாதம் சோதித்து முன்கூட்டியே பிடித்துவிடலாம். அதற்கு அவள் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு சிக்கல், அதிகம் பேசப்படாதது. கேள்வி வரும் என்று பயந்து வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணத்துக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி இருப்பதாலும் சிலர் அப்படிச் செய்வதுண்டு. 16ஐ 19 என்று எழுதியதும் என்ன ஆகிறது? ‘அதிக ஆபத்துள்ள கர்ப்பிணி’ என்று தனியாகக் குறித்துக் கவனிக்க வேண்டியவள் சாதாரணப் பட்டியலில் போய் நிற்பாள். பிரசவ நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு, நம் பக்கம் என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டுக்கு, முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டியவளைக் கடைசி நேரத்தில் 108இல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

கடைசியில் பிரசவம் சிக்கலாகும், குழந்தை எடை குறைவாகப் பிறக்கும். ஊர் என்ன சொல்லும்? ‘பார்த்தியா, தப்பு பண்ணினா இப்படித்தான்.’ மறைப்பினால் வந்த கெடுதியைக் கர்ப்பத்தின் கணக்கில் எழுதி, அந்தக் கெடுதியைக் காட்டியே அடுத்த பிள்ளையைப் பயமுறுத்தி மறைக்கவைக்கிறோம்.

சுருக்கமாக: பேச்சுக்குப் பயம், பயத்தால் மறைப்பு, மறைப்பால் தாமதம், தாமதத்தால் ஆபத்து. சங்கிலியில் முதல் கண்ணி மட்டும்தான் ஊரின் கையில் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றித் தெருவில் சொல்லப்படுபவை

‘கேஸ் கொடுத்தா பிள்ளையையும் பிடிச்சிட்டுப் போயிருவாவ’ என்பது பரவலாக இருக்கும் பயம். தவறு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) 18 நிறையாத பெண் பாதுகாக்கப்பட வேண்டியவர், குற்றவாளி அல்ல. வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் காவல் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும். பெண்ணின் மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவர் செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கை இருந்தால்தான் அவசரச் சிகிச்சை என்று ஆஸ்பத்திரி சொல்லக் கூடாது. அவளுடைய பெயர், படம், பள்ளி, தெரு என எந்த அடையாளத்தையும் ஊடகத்தில் வெளியிட்டால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை உண்டு.

ஆனால் அவள் சம்மதித்தாளா என்ற கேள்வியே 18 வயதுக்குக் கீழ் சட்டத்தில் எழாது. அதனால் பையன் மீது வழக்கு வரும். அவனும் 18க்குக் கீழ் என்றால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவான். விஷயம் தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் தண்டனை உண்டு. இந்த விதி பல பெண்களை ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியது. அதை மனதில் வைத்து 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தெளிவுபடுத்தியது: சம்மத உறவில் கர்ப்பமான சிறுமி கருக்கலைப்புக்கு வந்தால், அவளோ பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை. இது தெரிந்திருந்தால் 10 வாரத்தில் வந்திருக்கக்கூடியவர்கள் 22 வாரத்தில் வருகிறார்கள்.

‘ரெண்டு பேருக்கும் கட்டி வச்சிட்டா கேஸ் இல்ல’ என்பது இரண்டாவது நம்பிக்கை. இதுவும் தவறு, இதனால் வரும் சேதம் முதலாவதைவிடப் பெரிது. தாலி கட்டியதும் களங்கம் துடைக்கப்பட்டதாக ஊர் எண்ணலாம், சட்டம் எண்ணாது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி 18 வயது தாண்டிய மாப்பிள்ளைக்கும், நடத்திவைத்தவருக்கும், கண்டும் விட்ட பெற்றோருக்கும் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பெண்களுக்கு மட்டும் சிறை கிடையாது. 18 நிறையாத மனைவியோடு உறவு கொண்டாலும் குற்றம் குற்றம்தான் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதெல்லாம் போக, மிரட்டிக் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவைக்கும் கொடுமையும் இந்த நம்பிக்கையின் பெயரில்தான் நடக்கிறது. அப்படிக் கட்டிவைக்கப்பட்ட பெண், 20 வயது நிறைவதற்குள் அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரி நீதிமன்றம் போகலாம்.

பிறக்கும் குழந்தையைப் பற்றியும் ஒன்று. ‘பிள்ளை இல்லாத வீட்டுக்குக் கொடுத்துட்டோம், அவங்க நல்லா வச்சுக்கிடுவாங்க’ என்று ரகசியமாகக் கைமாற்றுவது குற்றம். முறையான வழி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளுக்காக மாவட்டத்தில் இருக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைப்பது. ஒப்படைத்த பிறகும் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. வளர்ப்பதென்று முடிவெடுத்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். தகப்பன் பெயரைச் சொல்லும்படி திருமணமாகாத தாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 2015இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

‘டிசி’ என்ற இரண்டெழுத்து

பள்ளிகள் பெரும்பாலும் எழுத்தில் எதுவும் செய்வதில்லை. ‘மற்ற பிள்ளைகளோட நன்மைக்காக’ என்று தகப்பனைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அவரே கைப்பட எழுதிக்கொடுத்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவார். பதிவேட்டில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று இருக்கும்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. 9ஆம் வகுப்பிலிருந்து அந்தச் சட்டத்தின் காவல் இல்லை, சிக்கல் பெரும்பாலும் அந்த வகுப்புகளில்தான் வருகிறது. இந்த இடைவெளியைத்தான் பள்ளிகள் பயன்படுத்திக்கொள்கின்றன.

கர்ப்பிணி ஒருத்தி வகுப்பில் இருந்தால் மற்ற பிள்ளைகளும் கெட்டுவிடுவார்கள் என்ற வாதத்தை உலகில் பல நாடுகள் சொல்லிப் பார்த்தன. சியரா லியோன் 2015இல் கர்ப்பிணி மாணவிகள் பள்ளிக்கு வரத் தடை விதித்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2019இல் அதைத் தவறென்றது, 2020 மார்ச்சில் தடை நீங்கியது. தான்சானியா 2021இல் தன் தடையை விலக்கியது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் 1975இல் வந்த அதன் விதிகளும், கர்ப்பத்தைக் காரணம் காட்டி மாணவியை விலக்கக் கூடாது என்கின்றன. அங்கே 1991இல் 15–19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 62 பிரசவம், 2022இல் 14க்கும் கீழே. கர்ப்பிணிகளை வகுப்பில் வைத்துக்கொண்டே அந்த எண் இறங்கியது. அதற்குப் பல காரணம் உண்டு. ‘தொற்றிக்கொள்ளும்’ என்ற வாதம் மட்டும் அந்த எண்ணோடு ஒட்டவில்லை.

தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல திருப்பத்தைச் சுட்டலாம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக, புதுமைப்பெண் என்ற பெயரில் மாறியது. முன்பு தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டம் இப்போது கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது.

தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியது

வகுப்பாசிரியைக்குத்தான் பெரும்பாலும் முதலில் சந்தேகம் வரும். அடிக்கடி வாந்தி, உடற்பயிற்சி வகுப்பைத் தவிர்ப்பது, திடீரென்று யாரோடும் பேசாமல் இருப்பது. இவை எதுவும் கர்ப்பத்தின் சான்று அல்ல, காமாலையும் வயிற்றுப்புண்ணும்கூட இப்படித்தான் தொடங்கும். அதனால் ஓய்வறையில் சக ஆசிரியைகளிடம் ‘எனக்கு ஒரு சந்தேகம்’ என்று தொடங்குவதை முதலில் நிறுத்த வேண்டும். அந்த ஓய்வறைப் பேச்சு மதியச் சாப்பாட்டுக்குள் பேருந்து நிறுத்தம் வரை போய்விடும்.

தனியாகக் கூப்பிட்டு, கதவு திறந்திருக்க, மற்றவர் காதில் விழாத இடத்தில் கேட்கலாம். ‘யாரு?’ என்று தொடங்கக் கூடாது. ‘உடம்புக்கு என்ன செய்யுதும்மா?’ போதும். அவள் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கக் கூடாது, விசாரிப்பது காவல் துறையின் வேலை. ‘யார்ட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யவும் கூடாது. சட்டப்படி சொல்ல வேண்டிய கடமை இருக்கும்போது அது பொய்ச் சத்தியம், அடுத்து அவள் எவரையும் நம்ப மாட்டாள். ‘உனக்கு உதவி செய்யுறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், யார்கிட்ட சொல்லுதேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லுவேன்’ என்பது உண்மையான வாக்கு.

உடனே வீட்டுக்குப் போன் போடுவது எப்போதும் சரியல்ல. ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098 இரவு பகல் எந்நேரமும் எடுக்கும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, பெண்கள் உதவி எண் 181, மருத்துவ ஆலோசனைக்கு 104. எந்த வழியில் போனாலும் காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் இருப்பது பாதுகாப்பா என்று முடிவு செய்வது அந்தக் குழு.

படிப்புக்கு வருவோம். பிரசவத்துக்குப் பின் உடம்பு தேற ஆறு வாரம் என்பது பொதுவான கணக்கு. அதற்குள் பொதுத்தேர்வு வந்தால் துணைத்தேர்வு இருக்கிறது. பள்ளிக்குத் திரும்ப மனமில்லை என்றால் தனித்தேர்வராக எழுதலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் முடிக்கலாம். திரும்பி வருகிறாள் என்றால் வேறு பிரிவுக்கோ வேறு பள்ளிக்கோ மாற்ற வேண்டுமா என்பதை அவளிடம் கேட்க வேண்டும். பலர் தோழிகள் இருக்கும் பழைய வகுப்பையே கேட்பார்கள். வருகைப் பதிவேட்டில் காரணம் எழுதும் இடத்தில் ‘மருத்துவ விடுப்பு’ என்ற சொல்லுக்கு மேல் ஒரு எழுத்தும் தேவையில்லை. மதிய உணவு வரிசையில் அவள் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நிற்கட்டும்.